டாக்டர் சீட்டும் பஞ்சாங்கமும்



நமது கிராமங்களில் ஒரு மாடு நொண்டினால் பொழுது சாய்வதற்குள் மாட்டு வைத்தியரைக் கூட்டி வருகின்றோம். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். அவர் பார்த்துவிட்டு, "இது என்னால் ஆகாது, கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள்" என்று சொன்னால், அதற்காக நாள் பார்க்கின்றவனும் நட்சத்திரம் பார்க்கின்றவனும் எவனும் இல்லை. பயிர் காய்ந்துபோகும் என்கின்ற கவலை அன்றைக்கே மோட்டாரை வண்டி ஏற்றிவிடுகின்றது.

ஆனால், பெற்ற குழந்தைக்கு ஒரு நோய் கண்டு, உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இது இங்கே ஆகின்ற காரியமல்ல, இதற்கென்றே தனியாகப் படித்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கின்றார், உடனே கொண்டுபோங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முதலில் அது ஜோசியர் வீட்டுக்குப் போகின்றது. அங்கிருந்து குறி சொல்லுகிறவனிடம் போகின்றது. பிறகு குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்த மஞ்சள் துணியோடு சுவாமி படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுகின்றது. இவ்வளவும் சுற்றி அது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரும்போது, சீட்டில் எழுதியிருந்த நோய் ஒன்று, குழந்தையின் உடம்பில் இருக்கும் நோய் வேறொன்று என்று ஆகிவிடுகின்றது.

இதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுதவேண்டும் என்று வெகு நாளாய் நினைத்திருந்தோம். பழி முழுவதையும் பெற்றோர்கள் தலையில் போடுவது நமது எண்ணமல்ல. சீட்டு எழுத வேண்டியவர்கள் எழுதாமலிருப்பதும், எழுதினாலும் ஒருவருக்கும் விளங்காமல் எழுதுவதும் இதில் சேர்ந்த குற்றங்களேயாகும். அதையும் சொல்லத்தான் போகின்றோம்.

பஞ்சாங்கக் கணக்கு

முதலில் பஞ்சாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். பகல் 12 மணி நேரத்தில் ராகு காலம் 1½ மணி, எமகண்டம் 1½ மணி, குளிகை 1½ மணி. குளிகையில் செய்தது திரும்பவும் நடக்குமாம். ஆதலால் ஆஸ்பத்திரிக்குப் போக அதுவும் விலக்காம். ஆகப் பகலில் 4½ மணி நேரம் தொலைந்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். ஆஸ்பத்திரி வடக்கே இருந்துவிட்டால் அந்த இரண்டு நாளும் தொலைந்தன. அஷ்டமி, நவமி மாதத்துக்கு நாலு நாள் தொலைந்தன. சந்திராஷ்டமம் ஒரு ராசிக்கு மாதத்தில் இரண்டேகால் நாள். குழந்தைக்கு ஒரு ராசி, தாயாருக்கு ஒரு ராசி, தகப்பனாருக்கு ஒரு ராசி என்றால் ஏறக்குறைய ஏழு நாள் தொலைந்தது. இவ்வளவும் போக மீதியுள்ள நாளில், குறுக்கே பூனை வராமலும், எதிரே விதவை என்று இவர்கள் பெயரிட்டு ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு சகோதரி வராமலும் இருந்தால், அப்பொழுது குழந்தை வைத்தியத்துக்குப் புறப்படலாம்!

இனி நோயின் கணக்கைப் பாருங்கள்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காண்பது சாதாரணம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலும் மஞ்சள் மாறாமல், மலம் வெளுத்த களிமண் போலவும், மூத்திரம் துணியில் கறை படியும்படியும் போனால், ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். இதற்கு ஒரு ரண சிகிச்சை உண்டு. ஜப்பான் தேசத்து கசாய் என்னும் டாக்டர் 1950களில் கண்டுபிடித்தது. (இது நமது பாட்டிமார் காய்ச்சும் கஷாயமல்ல, அந்த டாக்டரின் பெயரே கசாய்.) இதைக் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம், நாள் போகப்போக ஈரல் இறுகிப் பலன் குறைந்துகொண்டே வரும். இந்த 60 நாளில் நாம் என்ன செய்கின்றோம்? காமாலைக்கு மந்திரிக்கிறவனிடம் கொண்டுபோகின்றோம். அவன் கையைத் தண்ணீரில் கழுவிக் காட்டி, "பார், மஞ்சள் இறங்குகின்றது" என்கின்றான். மாம்பட்டைச் சாறு பூசிய கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் மஞ்சள் இறங்காமல் வேறென்ன இறங்கும்? அவன் கையில் மஞ்சள் இறங்குகின்றது. குழந்தையின் ஈரலில் ஒன்றும் இறங்கவில்லை.

பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த சில வாரங்களிலேயே கொண்டுபோனால், வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டுப் போட்டு நிமிர்த்திவிடுகின்றார்கள். அநேகருக்குக் குதிகால் நாணில் மாத்திரம் சிறு வெட்டு வேண்டியிருக்கும். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது ஒரு ஜோடி விசேஷ பூட்ஸ். அமெரிக்காவில் பொன்செட்டி என்னும் டாக்டர் ஏற்படுத்திய இந்த முறை இன்று உலகமெங்கும் நடக்கின்றது. அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல ஓடும். ஆனால் நமது ஊரிலோ, "போன ஜன்மத்தில் யாரையோ எட்டி உதைத்த பாவம்" என்று சொல்லி அதை ஆயுள் முழுவதும் நொண்டியாக்கி, திருவிழாவில் பிச்சைக்கு உட்கார்த்தி வைக்கும் புண்ணியவான்கள் இருக்கின்றார்கள்.

காது கேளாமல் பிறந்த குழந்தையை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் நிச்சயித்து, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கவேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி. ஏனெனில், மூளை பேச்சைக் கற்கும் காலம் அதுவே. நமது வீட்டிலோ, "இவன் அப்பனும் நாலு வயசிலதான் பேசினான்" என்று பாட்டி சொல்லுவாள், நாக்கில் வசம்பைத் தேய்ப்பார்கள், தேனைத் தடவுவார்கள். கேளாத காதுக்கு நாக்கில் வைத்தியம்! அந்த நாலு வருஷம் கழிந்த பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

கண்ணின் சங்கதியும் இப்படியே. மாறுகண் அதிர்ஷ்டமாம். அந்த அதிர்ஷ்டத்தை ஏழெட்டு வயது வரையில் கவனியாமல் விட்டால், கோணிய கண் பார்வையையே மறந்துபோகும். பிறகு மீட்பது வெகு கஷ்டம். கறுவிழியின் நடுவில் பூனைக்கண் மாதிரி வெள்ளையாய் மின்னினால், அது பிறவிப் புரையாக இருக்கலாம், அல்லது புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்னதானால் பார்வை போகும். பின்னதானால் உயிரே போகும். இதற்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தால் தெரு அசுத்தமாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

கைக்குழந்தை விட்டுவிட்டு வீரிட்டு அழுது, காலை மடக்கி, பச்சையாய் வாந்தியெடுத்து, மலத்தில் இரத்தமும் சளியுமாய்ப் போனால், குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டிருக்கலாம். இதற்கு நாள் கணக்குக்கூட இல்லை, மணிக் கணக்குத்தான். அந்த மணிகளிலே, "குடல் ஏற்றம்" என்று வயிற்றைத் தடவுகிறவனும், "தொக்கம்" என்று வாயில் ஊதி, தன் கைக்குள் மறைத்து வைத்திருந்த உருண்டையைக் குழந்தை வயிற்றிலிருந்து எடுத்ததாய்க் காட்டுகிறவனும் காசு வாங்கிக்கொள்ளுகின்றார்கள்.

ஆகவே நல்ல நேரம் என்று ஒன்று உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். அது நோய்க்கு நோய் வேறுபடும். 60 நாள் என்றால் 60 நாள். ஆறு மணி என்றால் ஆறு மணி. அதைப் பஞ்சாங்கம் எழுதுகிறவன் அறியான். உடம்பைத் திறந்து பார்த்தும், ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கவனித்துக் கணக்கெடுத்தும் கண்டறிந்தவர்களே அறிவார்கள்.

ஜாதகத்துக்காக வயிற்றைக் கிழிப்பது

நிற்க, வைத்தியத்துக்குப் போகத்தான் நல்ல நேரம் பார்த்தார்கள் என்றால், இப்பொழுது பிறப்பதற்கே நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாழிகையில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கச் சொல்லுவதும், சில டாக்டர்கள் அதற்கு இசைந்து கத்தியை எடுப்பதும் நமது பட்டணங்களில் சர்வ சாதாரணமாய்விட்டது. 39 வாரம் நிரம்புமுன் காரணமின்றி எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வருவது அதிகம். யோக ஜாதகத்தில் பிறந்த குழந்தை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த யோகம் யாருக்கு? கிரகத்துக்குப் பயந்த தகப்பனை மன்னித்தாலும் மன்னிக்கலாம். அத்தனை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டரை எப்படி மன்னிப்பது?

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

டாக்டர்கள் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு வழக்கு. 1996இல் சென்னையிலுள்ள ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் 29ஆவது வாரத்திலேயே, 1250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதைக் கருவிப் பெட்டியில் வைத்துப் பிராணவாயு கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அது மெச்சத்தக்க காரியம்தான். ஆனால் இவ்வளவு குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் உள்திரையில் இரத்தக் குழாய்கள் முறை தவறி வளர்ந்து, கடைசியில் திரையையே பிய்த்துவிடக்கூடும். ஆரம்பத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டால் தடுக்கலாம். "கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்கின்ற அந்த ஒரு வார்த்தை பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. பெற்றோர்கள் அலட்சியக்காரர்களல்ல, திரும்பவும் டாக்டர்களிடம் காட்டியே வந்தார்கள். விஷயம் தெரிந்தபோது குழந்தைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. தகப்பனார் வருஷக்கணக்காய் வழக்காடி, 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்புச் செய்தது. குழந்தைக்கு அப்பொழுது வயது 18. பணம் வந்தது, பார்வை வரவில்லை.

இந்தக் குடும்பம் ஜோசியனால் கெட்டதா? இல்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் கெட்டது. 34 வாரங்களுக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையைப் பிறந்து 30 நாட்களுக்குள் கண் டாக்டர் பார்த்தாகவேண்டும் என்பது இப்பொழுது நமது நாட்டில் விதியாய் இருக்கின்றது. அந்த விதியைக் குறை மாதக் குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு தாயிடமும் தமிழில் சொல்லி அனுப்புகின்றார்களா என்பதே நமது கேள்வி.

டாக்டர்களில் நல்லவர்கள் அநேகர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தன் கைப்பேசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, இடம் உண்டா என்று கேட்டு, குழந்தையை வண்டியேற்றிவிட்டுப் போகின்றவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் வேறு மாதிரியானவர்களும் இருக்கின்றார்கள். "இவர் கைராசிக்காரர்" என்று ஜனங்கள் சொல்லுவதைக் கேட்டு மயங்கி, தன்னால் ஆகாத நோயையும் பத்து நாள், இருபது நாள் வைத்துக்கொண்டு, மருந்தை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் கை மீறின பிறகு, "மேலே கொண்டுபோங்கள்" என்பவர்கள் ஒரு வகை. கைராசி என்பது ஜோசியத்தின் தம்பிதானே? சாமியாரின் விபூதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் போங்கள்" என்று சொல்லுவது டாக்டருக்கு அவமானமல்ல. அதைச் சொல்லத் தெரிவதுதான் படிப்பின் அடையாளம்.

இன்னொரு வகையார், அவசியமில்லாத குழந்தையையும் அனுப்புவார்கள். அனுப்பின இடத்திலிருந்து பங்கு வரும். நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி தெளிவாய்ச் சொல்லுகின்றது. விதி புத்தகத்தில் இருக்கின்றது. பங்கு கவரில் போகின்றது. இதன் பலன் என்னவென்றால், ஒரு நேர்மையான டாக்டர் நிஜமாகவே அவசரம் என்று சீட்டு எழுதும்போதும், "இவரும் கமிஷனுக்குத்தான் அனுப்புகிறார் போலிருக்கின்றது" என்று ஜனங்கள் சந்தேகப்பட்டுக் குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுகின்றார்கள். புரோகிதனின் வரும்படிக்கும் இந்த வரும்படிக்கும் என்ன பேதம்?

பெண் குழந்தையின் சீட்டு

இன்னும் வெட்கக்கேடான சங்கதி ஒன்றுண்டு. இருதயத்தில் பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளைப்பற்றி டில்லியில் ஓர் ஆராய்ச்சி நடந்து 2011இல் வெளிவந்தது. ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லப்பட்ட ஆண் குழந்தைகளில் 100க்கு 70 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தைகளில் 44 பேருக்குத்தான் நடந்தது. ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே சீட்டு. ஆனால் பெண்ணின் சீட்டு வீட்டிலேயே நின்றுவிடுகின்றது. "நெஞ்சில் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்கின்ற கேள்வியை நமது பக்கத்திலும் கேட்கத்தானே கேட்கின்றோம்? உயிரோடிருந்தால்தானே கட்டுவதும் கட்டாததும்? பெண் என்பவள் இன்னொருவன் வீட்டுக்கு அனுப்பவேண்டிய சாமான் என்று சொல்லிக்கொடுத்த சாஸ்திரம் இருக்கின்றவரை, எத்தனை ஆஸ்பத்திரி கட்டினாலும் அவளுக்கு அது பாதி ஆஸ்பத்திரியே.

ஏழைகள் என்ன செய்வது?

"நீங்கள் எழுதிவிடுவீர்கள், கூலி வேலை செய்கின்றவன் ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கும் மதுரைக்கும் எப்படிப் போவான்? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனித்துறை டாக்டர்கள் பெரிய பட்டணங்களிலேயே குவிந்திருப்பது சர்க்காரின் குறை. அதை எடுத்துக் கேட்க வேண்டியது நமது கடமை. ஆனால் கிடைக்கின்றதையும் அறியாமலிருப்பது யார் குறை? 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தரமும் சர்க்கார் பள்ளிகளுக்கு ஒரு தரமும் டாக்டர் குழு வந்து சோதித்து, குறை கண்ட குழந்தைகளை மேல் சிகிச்சைக்குச் செலவில்லாமல் அனுப்பவேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருதய ஆபரேஷனும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனும் சேர்ந்திருக்கின்றன. அந்தக் குழு வருகின்ற நாளன்று, "சோதித்தால் கண் பட்டுவிடும்" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளுகின்றவர்கள் இன்னும் நம்மில் இருக்கின்றார்கள்.

அன்றியும், பஸ் சார்ஜுக்கு வழியில்லை என்கின்ற அதே வீட்டில், அதே குழந்தைக்காக மொட்டை போடவும், கிடா வெட்டவும், பரிகாரம் செய்யவும் கடன் எப்படிக் கிடைக்கின்றது? ஏழையைப் பரிகசிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. அந்தக் கடன் பணம் யார் மடிக்குப் போகின்றது என்பதை ஏழையே எண்ணிப் பார்ப்பதற்காகக் கேட்கின்றோம்.

ஐந்து கேள்விகள்

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். டாக்டர் சீட்டைக் கையில் கொடுத்தால், கும்பிட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் வராதீர்கள். பெரியவர் சொன்னால் வாயைத் திறக்காதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த புத்தி கோயிலிலும் கூடாது, ஆஸ்பத்திரியிலும் கூடாது. மரியாதையாய், ஆனால் நிமிர்ந்து, ஐந்து கேள்விகள் கேளுங்கள்: என்ன நோய் என்று சந்தேகப்படுகின்றீர்கள்? இங்கே ஏன் ஆகாது? எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு? எத்தனை மணிக்குள் அல்லது எத்தனை நாளுக்குள் போகவேண்டும்? அதுவரை என்ன செய்யவேண்டும், எந்த அடையாளம் கண்டால் அந்தக் கணமே ஓடவேண்டும்? இதுவரை கொடுத்த மருந்தின் பெயரோடு இவ்வளவையும் சீட்டில் எழுதித் தரும்படியும், நமக்குப் புரியும்படி தமிழில் சொல்லும்படியும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்லுவது அவர் கடமை. ஐந்துக்கும் பதில் சொல்லுகின்ற டாக்டரை நம்பிப் போங்கள். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் சீறி விழுகிறவரானால், அன்றைக்கே இன்னொருவரிடம் போங்கள். ஆனால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நமது இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லுகின்றோம். மேடையில் ராகு காலத்தைக் கண்டித்துப் பேசுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். இந்த வாரம் உங்கள் தெருவில் பத்து வீடு ஏறி இறங்குங்கள். வளைந்த காலோடு ஒரு குழந்தை இருக்கும். கூப்பிட்டால் திரும்பாத ஒரு குழந்தை இருக்கும். விளையாடினால் உதடு நீலம் பாயும் ஒரு குழந்தை இருக்கும். அந்த வீட்டில் சுவாமி படத்துக்குப் பின்னால் டாக்டர் கொடுத்த சீட்டு மஞ்சள் துணியோடு சொருகியிருக்கும். சண்டை போடாதீர்கள், படத்தைத் தொடவும் வேண்டாம். அந்தத் தாயாரிடம் கேட்டு, சீட்டை மாத்திரம் எடுங்கள். எந்தத் தேதி போட்டிருக்கின்றது என்று பாருங்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர்களோடு நீங்களும் ஏறுங்கள். அது ராகு காலமாயிருந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் கூட்டமாவது குறைவாயிருக்கும்.